நானே போட்ட ஓட்டைகள்

எங்கள் கோழிப்பண்ணை போர்வெல்லைச் சுற்றி மழைக்குழி வெட்டியவன் நான்தான். வெட்டியதை மறந்துபோனவனும் நான்தான். முப்பத்தோரு பேர் குடிக்கும் தண்ணீரை அந்த மறதி கெடுக்கப் பார்த்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அணுகுண்டு முதலில் போட்டது யார், எங்கெங்கே விழுந்தது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது ஒரு குழியும் ஒரு தார்ப்பாயும்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினேழு வயசில் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரியில் ஏறினேன். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே ஏதாவது ஒரு காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்போம். வடை மடித்து வந்த தாள்களை விடாமல் படித்துத்தான் எழுத்துப் பழகினேன். கூட வேலை செய்தவர்கள் சொல்லும் பேச்சை மனசில் சேர்த்து வைப்பதும் அப்போது வந்த பழக்கம். ஐந்நூறு அடி தாண்டியும் ஈரம் தட்டாத ஒரு இடத்தில், முகமெல்லாம் பாறைமாவோடு ஒரு ஹெல்பர் சொன்னான்: "அடியில ஒருத்தன் தண்ணி மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு நம்மளப் பாத்துச் சிரிக்கறானுங்ணா." அடியில் சிரிக்கும் அந்த ஆளை நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முட்டி தேய்ந்து லாரியை விட்டு இறங்கிய பிறகு, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பண்ணையில் மோட்டார், குழாய், ஜெனரேட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. பண்ணைக்காரம்மாவுக்கு அப்போதே ஐம்பத்தைந்து இருக்கும். கோழிக்குச் சளி பிடித்தால் சத்தத்தை வைத்தே எந்த ஷெட், எந்த வரிசை என்று சொல்லிவிடுவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

ஒரு வறட்சி வருஷம் போர்வெல் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரை எழுநூறு அடிக்கு இறக்கியும் காற்றைத்தான் உறிஞ்சியது. மழைக்குழி யோசனையை நான்தான் சொன்னேன். போர்வெல்லின் மேல்பகுதியில் மண் சரியாமலிருக்க ஒரு குழாய் இறக்கியிருக்கும். கேசிங் என்போம். அதைச் சுற்றி எட்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கேசிங்கில் ட்ரில்லிங் மிஷினால் நாற்பது ஓட்டை போட்டேன். வலை சுற்றி, குழியைக் கல்லும் ஜல்லியும் மணலுமாக நிரப்பினேன். இரண்டு ஷெட்டுக் கூரைகளின் தண்ணீரையும் குழாய் வைத்து அந்தக் குழிக்கே திருப்பினேன். கூரை ஒவ்வொன்றும் முந்நூறு அடி நீளம். மழை பெய்தால் ஒரு சொட்டு வெளியே போகாது, அத்தனையும் பூமிக்குள்.

அடுத்த வருஷமே தண்ணீர் ஏறியது. முட்டை ஏற்ற வந்த லாரிக்காரர்கள் முன்னால் பண்ணைக்காரம்மா சொன்னார்: "இந்தத் தம்பி பூமிக்கே குளுக்கோஸ் ஏத்திப்புட்டாரு, பாத்துக்கங்க." எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் குழியின் மேல் புல் முளைத்தது. யாரோ நாலு வெண்டை விதை போட்டார்கள். குழி இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

சண்டை வந்தபோது நாங்கள் வெளிச்சமும் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. கரண்ட் போனது, போன் போனது. ரேடியோவில் ஒரு பெண் குரல் மட்டும் நாளுக்கு இரண்டு தடவை அதையே சொல்லிக்கொண்டிருந்தது: மூடிய இடத்தில் இருங்கள், ஏரி, ஆறு, திறந்த கிணறு, மழைத் தண்ணீர் எதையும் தொடாதீர்கள், ஆழமான போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாம். ஒன்பதாம் நாள் சூரியன் வெந்த மஞ்சள் கருவைப் போல மங்கியது. வானத்திலிருந்து ஒரு மாவு இறங்க ஆரம்பித்தது. வெண்டை இலையில் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கையில் தேய்த்தால் தெரியவில்லை. ரிக் புழுதியைத் தின்றே வளர்ந்தவன் நான். புழுதியைப் பார்த்துப் பயந்தது அன்றுதான் முதல் தடவை.

பண்ணையின் தீவனக் குடோனுக்குத்தான் கான்கிரீட் கூரை. சுற்றுவட்டத்தில் இருந்த குடும்பங்களைப் பண்ணைக்காரம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். மொத்தம் முப்பத்தோரு பேர். மக்காச்சோள மூட்டைகளைச் சுவரோடு சுவராக அடுக்கி நடுவில் படுத்தோம். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தோம். பக்கத்திலேயே ஒட்டியிருந்த குஞ்சு ஷெட்டில் முந்நூறு கோழிகளை வைத்துக்கொண்டோம். மற்ற கோழிகளை என்ன செய்தோம் என்று எழுத எனக்கு மனசில்லை.

காலையில் சோளக்கஞ்சியும் முட்டையும், ராத்திரிக்கு முட்டையும் சோளக்கஞ்சியும். எங்களோடு ஒரு தையல்காரர் இருந்தார். மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த ஆள். "ஒலகமே முடிஞ்சாலும் நாமக்கல்லுக்காரன் ஆம்லெட் தின்னுபோட்டுத்தானுங் போவான்" என்பார். முதல் வாரம் சிரித்தோம். அப்புறம் அவர் சொல்லும்போது அவர் மட்டும் சிரித்தார். உள்ளே போன பத்தாம் நாள் ரேடியோக் குரலும் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. குடோனுக்குள் போனபோது அவளுக்கு ஏழாம் மாதம். தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் டம்ளரை உயர்த்தி, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"போர்வெல்லுத் தண்ணிதானுங்ப்பா?"

"எழுநூறு அடி சாமி. அங்க ஒரு தூசு போவாது. குடி."

அப்புறம்தான் குடிப்பாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இது நடக்கும். மற்றவர்களும் என் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எழுநூறு அடி, எழுநூறு அடி என்று நான் அலுக்காமல் சொன்னேன். அந்த இருட்டுக் குடோனில் என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். சொல்லும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் தைரியம் வரும்.

டீசலை மிச்சப்படுத்த மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டுவோம். குடோன் மேல் இருந்த மூடி போட்ட டேங்க்கில் தண்ணீர் ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிடும்.

ஆறாவது வாரம் ஒரு நாள் மத்தியானம். குடோனை ஒட்டிய முட்டை அறையில் சாக்கை விலக்கிக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏனுங்க, இங்க வாங்க" என்றாள். போனேன். கொல்லிமலைப் பக்கம் மேகம் கருத்து இறங்கியிருந்தது. காற்றே இல்லை. அவள் முகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நான் பார்க்காத சிரிப்பு.

"மழ வருதுங்க. தொட வேண்டாம், குடிக்க வேண்டாம், செரி. ஆனா போர்வெல்லுலயாச்சும் ஊத்து ஏறுமில்லீங்க. உங்க குழிதான் இருக்குதே!"

அவள் மேலே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி வழியே ஷெட்டுக் கூரைகளைப் பார்த்தேன். ஆறு வாரமாக இறங்கிய மாவு கூரை முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் படிந்திருந்தது. கூரையிலிருந்து குழாய். குழாயிலிருந்து குழி. குழிக்குள் என் நாற்பது ஓட்டைகள். ஒரு நல்ல மழை, அரை மணி நேரம் போதும். இரண்டு கூரையையும் கழுவிக்கொண்டு அத்தனை தூசியும் நேராக என் மகளின் டம்ளருக்கு வந்துவிடும்.

ஆறு வாரம். தினமும் எழுநூறு அடி என்று சொன்ன வாய்க்கு, மேலிருந்து எட்டடிக்குள் நானே போட்ட ஓட்டைகள் ஞாபகத்துக்கு வரவில்லை. மழைத் தண்ணீர் பூமிக்குள் போவது நல்லது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அதில் கெடுதல் இருக்கும் என்று நினைக்க எங்களுக்குத் தெரியாது. இப்போது யோசித்தால் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பண்ணைக்காரம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன்.

"அக்கா, அந்த மழைக்குழி..."

"ஆமா, அதுக்கென்னங் தம்பி?"

"கூரத் தண்ணி அதுலதானுங்க எறங்குது."

அவர் கை நின்றது. "நேரா போர்வெல்லுக்கா?"

"நேராத்தானுங்க. ஓட்ட நாந்தான போட்டேன்."

மெதுவாகச் சொல்லி என்ன பயன். அந்தக் குடோனில் ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும். தையல்காரர்தான் முதலில் கேட்டார்: "எத்தன ஓட்டைங்ணா?"

"நாப்பது."

"நாப்பதா! ஒரு ரெண்டு மூணோட நிறுத்தியிருக்கலாமில்லீங்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே விம்மலாக மாறியது. ஒரு லாரி டிரைவரின் மனைவி, மூன்றும் ஐந்துமாக இரண்டு பிள்ளைகளை வைத்திருந்தவள், எழுந்து நின்று கத்தினாள்: "எழுநூறு அடி, எழுநூறு அடின்னு எத்தன பெரும! என்ற புள்ளைகளுக்கு உங்க வாயப் பாத்துத்தான ஊத்திக் குடுத்தேன்!"

என் மகள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

பண்ணைக்காரம்மாதான் சத்தத்தை அடக்கினார். "இன்னும் பெய்யலை. பேசறதுக்குள்ள பெஞ்சுபோடும். தம்பி, மொதல்ல ஜெனரேட்டரப் போடுங்க. டேங்க்கு வழியட்டும், டீசல் போனாப் போகுது. இருக்கற நல்ல தண்ணிய மேல ஏத்திக்கலாம். அப்பறம் குழிய என்ன பண்றதுன்னு சொல்லுங்க, நானும் வாரேன்."

"நீங்க எதுக்குங்க்கா..."

"எம்பட போர்வெல்லு, எம்பட கூர. நா வராம?"

தையல்காரரும் எழுந்தார். "கிழிஞ்சது எங்கிருந்தாலும் நாந்தானுங் போகோணும்" என்றார். மண்வெட்டியைத் தேடி எடுத்தார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்க மூன்று பேரும் தயாரானோம். தீவனம் வந்த பிளாஸ்டிக் சாக்குகளின் அடியைக் கிழித்துத் தலைவழியே மாட்டிக்கொண்டோம். மூக்குக்கும் வாய்க்கும் ஈரத்துண்டு. என் மனைவி கைகளுக்குப் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் என் மணிக்கட்டை விடவில்லை. "நாந்தானுங்க வாயத் தொறந்தேன்" என்றாள். "நீ தொறந்ததுனாலதான் தப்பிச்சோம் அம்மிணி" என்றேன். தப்பித்தோமா என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்.

குடோன் கதவிலிருந்து போர்வெல் இருநூறு அடிகூட இருக்காது. ஆறு வாரமாகக் கால் வைக்காத அந்த இருநூறு அடி! எங்கள் செருப்புத் தடம் பின்னாலேயே பதிந்து வந்தது. ஒரு காக்கை இல்லை, ஓணான் இல்லை. வெண்டைச் செடிகள் நின்றபடியே காய்ந்திருந்தன. மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது.

முதலில் கூரைக் குழாய்களைப் பிரிக்க வேண்டும். ஒன்று சுத்தியலால் தட்டியதும் கழன்றது. இன்னொன்று அசையவில்லை. ஒழுகக் கூடாதென்று பசையை அள்ளி வைத்து நானே ஒட்டியது. நான் என்றைக்குமே வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டது அன்றுதான். ரம்பப் பிளேடால் அறுத்தேன். அறுக்க அறுக்க, மேலே குழாயில் தங்கியிருந்த மாவு அதிர்ந்து என் தலையிலும் தோளிலும் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சை இன்றைக்கும் நெஞ்சுக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குழியின் மேல்மண்ணைத் தையல்காரர் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டித் தூரத் தள்ளினார். பண்ணைக்காரம்மா தார்ப்பாயை விரித்தார். கேசிங் நுழைய நடுவில் கிழித்து மாட்டினோம். அந்தக் கிழிசல்தான் ஆபத்தான இடம். லாரி டியூபை வெட்டி, கேசிங்கையும் தார்ப்பாயையும் சேர்த்து நாலு சுற்று இறுக்கிச் சுற்றிக் கம்பியால் முறுக்கினேன். தையல்காரர் குனிந்து பார்த்து, "இந்தப் பக்கம் ஒரு மடிப்பு நிக்குதுங்ணா" என்றார். அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போது கையில் கட்டியிருந்த கவர் மேல் முதல் துளி விழுந்தது. மழைத் துளி விழுந்ததற்கு எங்கள் ஊரில் மூன்று பேர் நடுங்கி நின்றது அதுதான் முதலாக இருக்கும்.

கிளம்புமுன் இன்னொரு வேலை செய்தேன். ஷெட்டுக் கழுவ வைத்திருந்த பொட்டாசியம் ஒரு டப்பா எடுத்து வந்திருந்தேன். சிட்டிகை போட்டால் வாளித் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகும் மருந்து அது. டியூப் கட்டைச் சுற்றித் தார்ப்பாய் மேல் டப்பாவையே கொட்டினேன். பண்ணைக்காரம்மா விளங்காமல் பார்த்தார்.

"தூசி கண்ணுக்குத் தெரியாதுங்க்கா. இது தெரியும். கட்டு வழியா மழ உள்ள எறங்கினா, போர்வெல்லுத் தண்ணி கலரா வந்துரும்."

"கலரு வராட்டி?"

"வராட்டி..." என்று நிறுத்தினேன். ஓடினோம்.

முட்டை அறை வாசலில் சாக்கு, துண்டு, உடுத்தியிருந்தது எல்லாவற்றையும் கழற்றி வீசி, டேங்க் தண்ணீரில் மூன்று தடவை தேய்த்துக் குளித்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பலமான மழை. கதவு இடுக்கு வழியாக மண்வாசனை உள்ளே வந்தது. குடோனில் இருந்த எல்லோரும் தங்களை அறியாமல் ஒரு தடவை நெஞ்சு நிறைய இழுத்தார்கள். அடுத்த நொடியே ஒரு கிழவர் பேரனின் மூக்கைப் பொத்தினார். ஒவ்வொருவராகத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடி வழியே பார்த்தபோதுதான் அது தெரிந்தது. குடோன் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மூன்று குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் குழியில் இருந்த நேரத்தில் யாரோ மேகத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்து கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மேகம் கருத்தால் குடத்தைத் தூக்குவது எங்கள் பெண்களின் கைப்பழக்கம், அதற்கு மூளை வேண்டியதில்லை. மூன்றும் நிரம்பி வழிந்தன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆறு வாரமாக அளந்து குடித்தவர்கள் அத்தனை பேரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதையே பார்த்தோம். ஒரு குடம் எங்கள் வீட்டுக் குடம். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. யாரும் யாரையும் கேட்கவுமில்லை. மழை விட்ட பிறகு பண்ணைக்காரம்மா நீளமான மூங்கிலை எடுத்து, ஒவ்வொரு குடமாகத் தள்ளிக் கவிழ்த்தார்.

டேங்க்கில் இருந்தது ஐந்தாறு நாளைக்குத்தான் வரும். தண்ணீர் மெதுவாக இறங்கும் சாமான். உடனே கலர் வராவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. அதனால் தினமும் காலையில் இரண்டு நிமிஷம் மட்டும் மோட்டாரை ஓட்டி, டேங்க்குக்கு ஏற்றாமல் ஒரு வாளி பிடித்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பார்த்த தண்ணீரை நான் குடிப்பேன். அது என் முடிவு. ஓட்டை போட்டவன் குடிக்கட்டும் என்று லாரி டிரைவரின் மனைவியும் சொன்னாள், எனக்கு அதில் வருத்தமில்லை.

மூன்று நாள் தெளிவாக வந்தது. நாலாம் நாள் கிண்ணத்தைக் கண்ணாடிப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். லேசாக ரோஸ் தட்டுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு விடியலே சிவப்பாக இருந்தது. அந்த வெளிச்சமா, தண்ணீரா? பண்ணைக்காரம்மா தெளிவு என்றார். தையல்காரரைக் கூப்பிட்டேன்.

"நூலு கலர் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. நீங்க சொல்லுங்."

அவர் வெள்ளை நூல்கண்டைக் கொண்டுவந்து கிண்ணத்துக்குள் பாதி முக்கிப் பிடித்தார். வெளியே இருந்த நூலையும் உள்ளே இருந்த நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"வெள்ளதானுங்ணா" என்றார்.

நான் குடித்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் மகளுக்கு வலி கண்டுவிட்டது. இன்னும் இருபது நாளாவது இருக்கிறது என்று நினைத்திருந்தோம். பயமே வலியைக் கூட்டிக்கொண்டு வந்ததோ என்னவோ. நாற்பது மாடு ஈன்றதைப் பார்த்த பண்ணைக்காரம்மாவும் நாலு பெற்ற ஒரு பாட்டியும் பக்கத்தில் இருந்தார்கள். வெந்நீர், கழுவ, துடைக்க என்று டேங்க்கில் இருந்த மிச்சமும் தீர்ந்தது. சாயங்காலம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மோட்டாரைப் போட்டேன். வாளி பிடித்தேன். கிண்ணத்தில் ஊற்றி நூலை முக்கினேன். தெளிவு. என் கண்ணுக்குத் தெளிவு. ஒரு டம்ளரில் மொண்டு மூட்டைகளுக்கு நடுவே போனேன். அவள் உதடு வெடித்திருந்தது. டம்ளரை வாங்கினாள், உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"குடிக்கலாமுங்ளாப்பா?"

எழுநூறு அடி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தை என்னிடம் இல்லை. குடிக்காதே என்று சொன்னால் கொடுப்பதற்கு வேறு தண்ணீர் இல்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என் வாயைத்தான் பார்த்தார்கள். லாரி டிரைவரின் மனைவி காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நா அஞ்சாறு நாளாக் குடிக்கறேன் சாமி. தெரிஞ்ச வரைக்கும் அடைச்சிருக்கறேன். அவ்வளவுதான் தெரியும். குடி."

அவள் குடித்தாள். கண்ணை என் மேலிருந்து எடுக்காமலே முழுசும் குடித்தாள். லாரி டிரைவரின் மனைவி செம்பை நீட்டினாள். அப்புறம் எல்லோரும் குடித்தார்கள். இருட்டுவதற்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அழுத சத்தத்தில் பக்கத்து ஷெட் கோழிகள் அத்தனையும் கத்தின.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. குடோனை விட்டு அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். நாள் கணக்கு வைத்துப் பயந்தது போய் இப்போது வருஷக் கணக்கில் பயப்படுகிறோம். மாப்பிள்ளை வரவில்லை. பேத்தி ஓடுகிறாள், திட்டினால் திருப்பித் திட்டுகிறாள். அவள் தலை வாரும்போது சீப்பில் எத்தனை முடி என்று பார்ப்பேன். காய்ச்சல் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. என் மனைவிக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.

போன ஆடியில் தையல்காரர் பேத்திக்குக் கவுன் தைத்துக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அன்னிக்கு நாலாம் நாளு, எனக்குச் செரியாத் தெரியலீங்ணா."

"என்ன தெரியல?"

"வெள்ளயா, கலரான்னு. நீங்க என்ற மூஞ்சியப் பாத்தீங்க. நா உங்க மூஞ்சியப் பாத்தேன். வெள்ளன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் பேத்தி கவுனைப் போட்டுக்கொண்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சொன்னதும் அதே மாதிரிதானே. தெரிந்தா சொன்னேன்?

தார்ப்பாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வருஷம் ஒரு தடவை டியூபை மாற்றிக் கட்டுகிறேன். மழைத் தண்ணீர் அதன் மேல் ஓடிக் காட்டுக்குள் வீணாகப் போகிறது. போன வாரம் மோட்டார் இருமியது. தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வந்தது. மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டிலிருந்து வந்த பண்ணைக்காரம்மா தார்ப்பாயின் ஓரத்தில் நின்றார். அவருக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, மறுபடியும் குளுக்கோஸ் ஏத்தலாமா? எத்தன மழ பெஞ்சுபோச்சு, இன்னுமா கூரைல இருக்கும்?"

குனிந்து டியூப் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அதற்கு அடியில் என் நாற்பது ஓட்டைகளும் திறந்தபடிதான் இருக்கின்றன.

"இன்னொரு மழ போகட்டுங்க்கா" என்றேன்.

போன வருஷமும் அதையேதான் சொன்னேன்.